வெள் அடிக்க ஆள் வேண்டும்

ஆனந்தபாயின் சாயாக்கடைச் சுவர் முதன்முதலில் வேலைச் செய்தி சொன்ன காலையில் அங்கே இருந்தவர்கள்: கடைக்காரி ஆனந்தபாய்; பெயிண்டர் ஈசாக்; பெயிண்டிங் காண்ட்ராக்டர் சத்தியதாஸ்; அவரிடம் சாண்ட் பேப்பர் பிடிக்கும் கையாட்கள் குமாரி, பின்சி; தமிழும் மலையாளமும் வாசிக்கத் தெரியாத மூன்று வங்காளப் பையன்கள்; ஆனந்தபாயின் ஆடு. இவர்களில் ஆடு மட்டும் சுவரைப் பார்க்கவில்லை, அதில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. சுவரில் கிளிப்பச்சை நிறத்தில், ஒரு சாண் உயர எழுத்தில் இப்படி இருந்தது: "கொல்லயில் ஊர். தென்னந்தோப்புக்குள் பச்சை வீடு. பெண்ணுக்குக் கல்யாணம் உறுதியாயிற்று. வெளிப்பக்கம் முழுவதும் அடிக்க வேண்டும். நாய் உண்டு." ஈசாக் சாயாவைக் குடித்து முடித்துவிட்டு ஸ்கூட்டரில் போய்ப் பார்த்தான். பச்சை வீடு இருந்தது, கல்யாணம் இருந்தது, நாயும் இருந்தது. மதியமே வேலையைத் தொடங்கினான்.

அது ஏன் நடந்தது என்று பிற்பாடு பலரும் விசாரித்தார்கள். காரணம் சாதாரணமானது. பாறசாலையிலிருந்து கொல்லயிலுக்குத் திரும்பும் முக்கில் பெயிண்டர்கள் காலையில் வேலைக்காகக் காத்து நிற்பார்கள், சாயங்காலம் வேலை முடிந்து அங்கேயே வந்து சாயா குடிப்பார்கள். பிரஷ்ஷைக் கழுவுவதற்கு முன் அதில் மிச்சமிருக்கும் பெயிண்டை எங்கேயாவது இழுத்துத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் மயிர் விறைத்து மறுநாள் பிரஷ் துடைப்பம் ஆகிவிடும். துடைக்க வாகாக இருந்தது ஆனந்தபாய் கடையின் பக்கச் சுவர். இருபது வருஷமாகத் துடைத்தார்கள். ஆனந்தபாய் ஒன்றும் சொல்லவில்லை, அவளுக்குச் செலவில்லாமல் சுவருக்குப் பெயிண்ட் ஆகிக்கொண்டிருந்தது. இப்படிப் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் பெயிண்ட் கண்ட ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு இழுப்பு அந்தச் சுவரில் சேர்ந்தது. நான்கு விரல் கனத்துக்குத் தடித்தது. எந்த வீட்டின் பெயிண்ட் தன் மேல் இருந்ததோ அந்த வீட்டில் நடப்பது சுவருக்குத் தெரிந்தது. விடிவதற்குள் மேல் தோல் அங்கங்கே உதிர்ந்து, அடியிலிருந்து அந்தந்த வீட்டு நிறம் எழுத்தாக வெளியே வந்தது. சில நாள் தமிழ் எழுத்து, சில நாள் மலையாள எழுத்து, பாஷை இரண்டும் கலந்தது. அதில் யாருக்கும் குறை இல்லை, இந்தப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள். வங்காளப் பையன்களுக்கு மட்டும் குறை இருந்தது. அவர்கள் ஒரு சாயங்காலம் தங்கள் பிரஷ்ஷையும் அதில் துடைத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் கீழ் மூலையில் வங்காள எழுத்திலும் இரண்டு வரி வந்தது.

சுவர் வேலை மட்டும் சொல்லவில்லை, புத்தியும் சொன்னது. காஞ்சிரங்குளத்தில் கடலைப் பார்த்த வீடு ஒன்றுக்கு ஆள் கேட்டபோது, ஜன்னல் கம்பிக்கு ரெட் ஆக்சைடு இரண்டு கை போடாமல் எனாமல் டப்பாவைத் திறக்காதே என்று கீழே சேர்த்தது. பாலராமபுரத்து நெசவுக்கார வீட்டுக்கு, தறி இருக்கும் அறையில் சாண்ட் பேப்பர் பிடிக்குமுன் துணி போட்டு மூடு, தூசி விழுந்தால் சேலைக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும், மதியச் சோறு உண்டு, மீன் இல்லை என்றது. சுவர்ப் பள்ளத்தை அடைத்த புட்டி காய்வதற்குள் பிரைமர் அடிக்கச் சொல்லும் வீட்டுக்காரனிடம் வாதம் செய்யாதே, வயிறு சரியில்லை என்று வீட்டுக்குப் போ, மறுநாள் வா என்றது. ஒரு திங்கட்கிழமை வேலை எதுவும் சொல்லாமல், "ஏணியின் கடைசிப் படியில் நிற்காதே. ஈசாக், உன்னைத்தான்" என்று மட்டும் எழுதியிருந்தது. ஈசாக் நின்றான், விழுந்தான். கையில் மாவுக்கட்டோடு வந்து சுவரின் முன் நின்று, "சொன்னது சரியாக்கும். கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கப்பிடாதா?" என்றான்.

அதுவரை வேலைச் செய்தி என்பது சத்தியதாஸின் செல்போனில் மட்டும் இருந்தது. அவர் காலையில் பிக்கப் வண்டியில் வந்து இறங்கி, முக்கில் நிற்பவர்களை விரலால் தொட்டு எடுப்பார். தொடப்படாதவர்கள் இன்னொரு சாயா குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். சுவர் வந்த பிறகு விரலுக்கு மரியாதை குறைந்தது. "சுவரு வாசிச்சு வேலைக்குப் போறவனுக்கு சுவரே கூலி குடுக்கட்டு," என்றார் சத்தியதாஸ். பிறகு சுவருக்குத் தார் அடித்தார். மறுநாள் தாரிலேயே எழுத்து விழுந்தது: "தார் அடித்த சுவர் மூச்சு விடாது. ஈரம் உள்ளே நிற்கும். வீட்டுக்காரர் சொன்னாலும் செய்யாதே." அவர் பிக்கப்பைச் சுவரை ஒட்டி நிறுத்திப் பார்த்தார். எழுத்து இரண்டடி மேலே ஏறிக்கொண்டது. ஒரு மாதத்துக்குப் பிறகு அவரும் மற்றவர்களோடு நின்று வாசித்தார். மனுஷனுக்கு எதுவும் பழகிவிடும்.

குமாரி சத்தியதாஸிடம் பத்துப் பன்னிரண்டு வருஷமாகக் கையாள். சாண்ட் பேப்பர் பிடிப்பாள், புட்டி இழுப்பாள், கூரையும் சுவரும் சேரும் மூலையில் டேப் ஒட்டாமல் கோடு பிடிப்பாள். அவள் பிடித்த கோட்டைக் காட்டித்தான் சத்தியதாஸ் அடுத்த வேலையைப் பிடிப்பார். ஆனாலும் கையாள் கையாள்தான். இந்தத் தொழிலில் யார் மேசிரி என்பதைத் திறமை முடிவு செய்வதில்லை, சாவி முடிவு செய்கிறது. வேலை தீரும்வரை வீட்டுக்காரர் சாவியை ஒருவர் கையில் கொடுப்பார். சாயங்காலம் எல்லோரும் இறங்கிய பிறகு கதவைப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு போகிறவர் மேசிரி. குமாரி இத்தனை வருஷத்தில் ஒரு கதவைக்கூடப் பூட்டியதில்லை. எல்லாக் கதவும் அவள் வெளியே வந்த பிறகு வேறு யாராலோ பூட்டப்பட்டது. சுவர் செய்தி சொல்லத் தொடங்கியதும் அவளும் பின்சியும் துணிந்து சில வீடுகளுக்குப் போய்க் கேட்டார்கள். வீட்டுக்காரர்கள் அவர்களுடைய தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "மேசிரி எங்கே?" என்றார்கள். பின்னால் யாரும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் ஒரு பழைய மிஷன் கோயில் உண்டு. கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது, சுவர் ஒரு கை நீளக் கனம். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கு முன்னும் சத்தியதாஸ் அதற்குப் பிளாஸ்டிக் எமல்ஷன் அடிப்பார். ஈஸ்டருக்குள் அது கொப்பளித்து உரியும். அடுத்த கிறிஸ்மஸுக்கு அவரே வந்து அடிப்பார். சபையார் இதை மாம்பழக் காலம் மாதிரி வருஷத்துக்கு ஒருமுறை வருவது என்று எடுத்துக்கொண்டார்கள். சத்தியதாஸுக்கு அது பென்ஷன்.

சுவர் பேசத் தொடங்கிய இரண்டாம் வருஷம், நவம்பர் மாதம், கோயிலின் வெளிர்மஞ்சள் நிறத்தில் ஒரு செய்தி வந்தது. "மிஷன் கோயிலில் வெள்" என்று தொடங்கியது. அதற்கு மேல் ஒரு குழி. ஆடு தினமும் முதுகு தேய்க்கும் இடம் அது, எழுத்து அங்கே உதிர்ந்திருந்தது. குழிக்கு அந்தப் பக்கம், "அடிக்க ஆள் வேண்டும். ஒரு மேசிரி, இரண்டு கையாள்" என்று முடிந்தது. வேறு ஊராக இருந்தால் இதில் பிரச்சினை இல்லை. இந்த ஊரில் தண்ணீருக்கு வெள்ளம் என்று பேர். சுவருக்கு அடிப்பது வெள்ளை, குழாயில் அடிப்பது வெள்ளம், சாயங்காலம் ஆண்கள் கிளாஸோடு மறைவில் போய் அடிப்பதும் வெள்ளம்தான்.

ஈசாக் குழியில் விரலை விட்டுத் தடவினான். "வெள்ளமடிக்கவாக்கும். சந்தேகமே இல்ல. மேசிரி நான். கையாளு ரெண்டு பேரு ஆரெல்லாம், கைய தூக்குங்க."

"எலே, கோயிலுக்காக்கும் ஆளு கேக்குது," என்றாள் ஆனந்தபாய். "அங்க போயி வெள்ளமடிச்சா போதகர் உனக்க பேர ஞாயித்துக்கிழம ஆராதனையில வாசிப்பாரு."

"அப்படியாவது எனக்க பேரு கோயில்ல கேக்கட்டு அக்கா."

சத்தியதாஸ் கிளாஸை வைத்தார். "வெள்ளையடிக்க. ஓரோ வருசமும் நான்தான் அடிக்கேன். இதுல வாசிக்க என்ன கிடக்கு?"

"வெள்ளம்தான்," என்றாள் குமாரி. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். "குடிக்க இல்ல. சுவருக்கு அடிக்க. ஓரோ வருசமும் நான்தான அந்தத் தோல சுரண்டுறேன். உள்ள சுவரு காய்ச்சக்காரன் நெத்தி மாதிரி சுடும். அதுக்குத் தாகமாக்கும்."

"தாகமா? சோடா வாங்கிக் குடு பிள்ளே."

"நாளைக்கு நான் அங்க போறேன். மேசிரியா."

சத்தியதாஸ் சிரிக்கவில்லை. "போ. கோயிலுக்கு வெள்ளம் கோரப் போனா, பின்ன எனக்க வேலைக்கு வரண்டாம். சாண்ட் பேப்பரு பிடிக்கக்கூட வரண்டாம். கேட்டியா?"

குமாரி கேட்டாள். அவள் கையாளாக இருந்தது சத்தியதாஸ் ஒருவரிடம்தான், அந்தச் சோறும் போனால் முக்கில் நிற்கவும் இடமில்லை. இருந்தும் மறுநாள் பின்சியோடு போனாள். ஈசாக்கும் கூடப் போனான். கைக்கட்டுப் பிரித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, ஏணி ஏற அவனுக்கு இன்னும் பயம், கீழே நின்று செய்யும் வேலை எதுவானாலும் சரி என்றிருந்தான்.

சபைக் கமிட்டி ஒரு வேலைக்கு இரண்டு கூட்டம் வந்து அதற்குமுன் கண்டதில்லை. நீண்ட நேரம் ஜெபித்தார்கள், பிறகு அதைவிட நீண்ட நேரம் சண்டை போட்டார்கள். தெற்குச் சுவர், உள்ளும் புறமும், சத்தியதாஸுக்கு. வடக்குச் சுவர் குமாரிக்கு. ஐப்பசியில் தொடங்கும் துலாமழை தீர இன்னும் நாளிருந்தது. யாருடைய சுவர் மழையைத் தாங்குகிறதோ அவருக்கே மீதிக் கோயிலும் என்று முடிவானது. கப்பியார் நேசமணி சாவியோடு வந்தார். கோயிலைத் திறப்பதும் பூட்டுவதும் மணியடிப்பதும் அவர் பொறுப்பு. குமாரியிடம், "வடக்குப் பக்கம் மேசிரி ஆரு?" என்றார்.

"நானாக்கும்."

"இல்ல பிள்ளே, நான் கேட்டது சாவி வாங்குற மேசிரி."

"நானேதான்."

நேசமணி ஈசாக்கைப் பார்த்தார். "என்னைப் பாக்காதீங்க கப்பியாரே, நான் கையாளு," என்றான் ஈசாக். "இப்பதான் சேந்திருக்கேன்." நேசமணி கொஞ்சம் யோசித்தார். பிறகு சாவியைச் சத்தியதாஸ் கையில் கொடுத்துவிட்டு மணியடிக்கப் போனார்.

சத்தியதாஸ் தெற்குப் பக்கத்தை வேகமாக முடித்தார். பழைய எமல்ஷன் மேல் புது எமல்ஷன், பார்க்க ஐஸ்கிரீம் மாதிரி இருந்தது. வடக்கே குமாரி போதகர் வீட்டுக் கிணற்று மோட்டாரில் ஹோஸ் மாட்டி, சுரண்டியால் அங்கங்கே கீறிவிட்டு, சுவருக்கு வெள்ளம் அடித்தாள். காலையில் அடித்தாள், மதியம் பின்சி அடித்தாள், சாயங்காலம் ஈசாக் அடித்தான். தரையில் ஒரு சொட்டு வடியவில்லை. சுவர் எல்லாவற்றையும் குடித்தது. சத்தியதாஸின் ஆட்கள் சாரத்தில் உட்கார்ந்து, "வெள்ளமடிப் பார்ட்டி" என்று கூப்பிட்டார்கள். "வெள்ளமடிக்கணும்னு வந்தேன், வெள்ளம்தான் அடிக்கேன்," என்று ஈசாக் புலம்பினான். "வீட்டுல சொன்னா நம்பமாட்டாவ." வாரம் முடிவதற்குள் கிணறு பாதியாக இறங்கி, அடியில் காணாமல் போன மூன்று வாளிகளும் ஒரு காணிக்கைத் தட்டும் தெரிந்தன. தினமும் சாயங்காலம் சத்தியதாஸ் வாசலில் நின்று சாவியைத் தட்டுவார். "எட்டி குமாரி, இறங்கு. பூட்டணும்."

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வடக்குச் சுவர் ஏப்பம் விட்டது. போதகர் வீடு வரைக்கும் கேட்டது. அதன் பிறகு பெயிண்ட் தானாக உரியத் தொடங்கியது, ஒரு வருஷத்துக்கு ஒரு தோலாக, வெந்நீரில் போட்ட ஸ்டாம்பு மாதிரி. வெளிர்மஞ்சள், அதற்கடியில் இளநீலம், அதற்கடியில் யாரோ ஒரு பழைய போதகருக்குப் பிடித்த ரோஸ். ஒவ்வொரு தோலும் பிரியும்போது அந்த வருஷம் அது கேட்ட கிறிஸ்மஸ் பாட்டுகளைப் பாடியது. ஊர் கூடிவிட்டது. பாட்டுகளில் பெரும்பாலானவை சுமாராகத்தான் பாடப்பட்டிருந்தன. இளநீல வருஷத்தில் ஒரு குரல் மட்டும் சுருதியை விட்டு நாலு வீடு தள்ளிப் போய்க்கொண்டிருந்தது, அது தன் குரல்தான் என்று தெரிந்ததும் நேசமணி அந்தத் தோலைச் சீக்கிரம் எடுத்து மடித்துக் கொண்டுபோகச் சொன்னார். மற்றதை ஜனங்கள் கோழிக்கூடு மூட எடுத்துப் போனார்கள். சில கோழிக்கூடுகள் டிசம்பரில் இப்போதும் மெதுவாகப் பாடும்.

தோலெல்லாம் போன பிறகு குமாரி நீற்றிய சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, ஒரு சிட்டிகை நீலம் கலந்து, ஈரச் சுவரில் மெல்லிசாக அடித்தாள். காயவிட்டாள், திரும்ப வெள்ளம் அடித்தாள், திரும்ப வெள்ளை. சுண்ணாம்பு ஈரத்தில் வெள்ளையாகத் தெரியாது. அடுத்த வாரம் சனிக்கிழமை வந்து பார்த்த கமிட்டிக்கு நீர் மோரைச் சுவரில் வீசியது போல இருந்தது. தெற்கே ஐஸ்கிரீம், வடக்கே மோர். கமிட்டி இந்த முறை ஜெபிக்காமலே முடிவெடுத்தது: திங்கட்கிழமை சத்தியதாஸ் வடக்குப் பக்கத்தையும் அடித்துவிடட்டும்.

"காயட்டு," என்றாள் குமாரி.

"கிறிஸ்மஸ் காயுறதுக்கு நிக்காது பிள்ளே," என்றார்கள். பின்சி வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். சத்தியதாஸ் சாவியைத் தட்டினார்.

அன்றைக்கே மழை வந்தது. ஞாயிறு ஆராதனை நடக்கும்போதும் பெய்தது. பிரசங்கத்தின் நடுவில் தெற்குச் சுவர் வெளியே மூச்சு வாங்குவது போலச் சத்தம் கேட்டது. எமல்ஷன் தோசைக்கல் அளவுக்குக் கொப்பளித்தது, கொப்பளங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன, ஆமென் சொல்வதற்குள் புதுத் தோல் முழுவதும் ஒரே துண்டாகப் புடைத்து, ஜன்னல் ஓட்டைகளோடு சுவரை விட்டு எழும்பியது. கோயிலின் கூரையைக் கொஞ்ச நேரம் உரசிக்கொண்டு நின்றது. பிறகு காற்று பிடித்துத் தென்னை உச்சிகளுக்கு மேல் தெற்கே போனது. காஞ்சிரங்குளத்தில் ஒருவர் புடலம்பந்தலில் அது இறங்கியது. அவர் அதை எடுக்கவில்லை, நல்ல நிழல் என்றார். ஜன்னல் ஓட்டை வழியாக வெயில் விழும் இடத்தில் மட்டும் புடலங்காய் கல் கட்டாமலே நேராக வளர்கிறது. வடக்குச் சுவர் மழையை வேண்டிய அளவு குடித்துவிட்டு, மீதியைத் தள்ளிவிட்டு, வெயில் வந்ததும் வெளுத்தது. முட்டை ஓட்டு வெள்ளை. கமிட்டி தலைவர் அதைத் தொட்டுவிட்டு விரலைப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

நேசமணி சத்தியதாஸிடம் கையை நீட்டினார், சத்தியதாஸ் சாவியைக் கொடுத்தார். நேசமணி அதை வேட்டியில் துடைத்து எடுத்துக்கொண்டு வடக்குப் பக்கம் போனார். அரை முழ நீள இரும்புச் சாவி. "மேசிரி, இந்தா," என்றார். குமாரி வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, ஒரு காரியம் யோசிச்சியா?" என்று ஈசாக் கேட்டான். "இனி இது உரியாது. அடுத்த வருசம் இந்தக் கோயில்ல நமக்கு வேலையும் கிடையாது."

"கிடையாது."

"அந்த ஆளு இத்தன வருசம் முட்டாளாட்டா இருந்தாரு? நாமாக்கும் முட்டாளு."

"சுண்ணாம்பக் கலக்குலே."

மறுநாள் ஆனந்தபாய் கடைச் சுவரில் சுண்ணாம்பு வெள்ளையில் வந்தது: "மிஷன் கோயில் தெற்குச் சுவர். குமாரி மேசிரிக்குக் கையாள் ஒருவர் வேண்டும். சாண்ட் பேப்பர் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும்." முக்கில் நின்றவர்கள் வாசித்தார்கள், சர்க்கரை போதாது என்றார்கள், இன்னொரு சாயா கேட்டார்கள். வங்காளப் பையன்களுக்கு அன்று பாலராமபுரத்தில் வேலை இருந்தது, போய்விட்டார்கள். வெள்ளமா வெள்ளையா என்று பழைய குழியை இன்னொரு முறை பார்க்க வந்தவர்களும் உண்டு. ஆடு அதை இன்னும் பெரிதாக்கி வைத்திருந்தது. சத்தியதாஸ் இரண்டு முறை வாசித்தார். செல்போனை எடுத்துப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை.

சாயங்காலம் அவர் கோயிலுக்கு வந்தார். பின்சியும் ஈசாக்கும் சாரத்திலிருந்து இறங்கி வாளிகளைக் கழுவப் போயிருந்தார்கள். சத்தியதாஸ் உள்ளே நடந்து வடக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை.

"குளிந்து கிடக்கு," என்றார். "எவ்வளவு வெள்ளம் குடிச்சுது?"

"பாதிக் கிணறு."

"சுவருல பாத்தேன். கையாளு வேணும்னு கிடந்துது."

"சாண்ட் பேப்பரு பிடிப்பீங்களா அண்ணே?"

"பெயிண்டருல ஆரு ஆதியத்துல பிடிக்காதவன்? எனக்க விரலுல ரேகையே கிடையாது, பாரு." அவர் கையைக் காட்டினார். இல்லைதான்.

"தெக்குச் சுவருல பழைய தோலு நிறைய உண்டு. அது பாடும். பயராதீங்க."

"எப்ப வரணும்?"

"எட்டு மணிக்கு. எட்டேகாலுக்கு இல்ல." குமாரி வாசலுக்குப் போய்ச் சாவியைக் கதவில் இரண்டு தட்டுத் தட்டினாள். "இறங்குங்க அண்ணே. பூட்டணும்."

சத்தியதாஸ் தெற்குச் சுவரை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே வந்து படி இறங்கினார். அவருக்குப் பின்னால் குமாரி கதவைச் சாத்தி, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினாள்.